கராச்சித் தம்பியின் படம்

மைதீன் பிச்சை வீட்டு முன்கூடத்தில் மத்திய உளவுத்துறை ஆள் தேநீரை ஊதிக் குடிக்கிறார். காக்கி இல்லை, வெள்ளை வேட்டி, மடியில் குடை. பாகிஸ்தான் எல்லையில் சண்டை ஓய்ந்து ஒரு மாதந்தான் ஆகிறது. இவர் விசாரித்துச் சரியென்றால்தான் மகன் நூர் அகமதுக்கு டில்லியில் சர்க்கார் வேலை. ஜன்னல் வெயிலோடு தோல் பதனிடும் ஷாப்பின் வாடையும் உள்ளே வருகிறது. "எங்க வம்சத்துல ஒருத்தனும் ஸ்டேஷன் வாசல மிதிச்சதில்ல சார்." சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் காட்டுவதுபோலவே முதுகை நிமிர்த்திச் சுவர்ப் படங்களைக் காட்டுகிறார் மைதீன் பிச்சை. "இது எங்க அத்தா. இது எந்தம்பி கிதர் முகம்மது. தோல் யாவாரத்துல அம்புட்டுப் பேரு, சொந்தக் காரே வச்சிருக்கான்." வந்தவர் டம்ளரை மெல்லக் கீழே வைக்கிறார். "இப்ப எங்க இருக்காரு பாய்?" "கராச்சில." கதவுக்குப் பின்னால் மனைவி ஷரீஃபாவின் வளையல் சத்தம் நின்றுபோகிறது. "கடுதாசி உண்டா?" பொய் சொல்லிப் பழகாத நாக்கு உள்ளதையே சொல்கிறது. "பெருநாளுக்குப் பெருநாள் வரும். நல்லாயிருக்கியான்னு கேப்பான், அம்புட்டுத்தான் சார்." வந்தவர் எதையும் எழுதவில்லை. மரியாதையாகச் சிரித்துக் குடையை எடுத்துக்கொண்டு எழுகிறார். "டீ நல்லாருந்துச்சு பாய்." அவர் தெருவில் இறங்கியதும், தம்பியின் படத்தைக் கழற்ற உயர்ந்த மைதீன் பிச்சையின் கை, கோணியிருந்த அதை நேராக்கிவிட்டுத் தாழ்கிறது.