ஜெயிக்க முடியாத ஆட்டம்

“போச்சுடி, ஆளு மறுபடியும் செத்துட்டான்!” என்று கத்திவிட்டுச் சிரித்தாள் ஜஹீருன்னிசா.

கம்ப்யூட்டர் திரையில் ரயில் தடதடவென்று கடந்து போனது. தண்டவாளத்தில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு மட்டும் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்சிஸ் சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டி ஆடு” என்றாள்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிற வேலை. இன்டர்நெட்டில் ஒரு போட்டி என்று பெர்சிஸ்தான் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை தலைப்புக் கொடுப்பார்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஒரே ஆளாக ஒரு வீடியோ கேம் செய்து அனுப்ப வேண்டும். இந்த முறை தலைப்பு, ‘தாமதம்’.

ஐந்து லெவல், பாட்டு, மழை என்று பெர்சிஸ் பெரிதாகத்தான் ஆரம்பித்தாள். சனிக்கிழமை மத்தியானமே எல்லாம் சிக்கலாகி, ஒவ்வொன்றாக வெட்டி எறிய வேண்டியதாயிற்று. மிஞ்சியது ஒரு சிறுமி, தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு மனிதர், தூரத்தில் ஒரு ரயில். சிறுமி ஓடிப்போய் அவரை இழுத்துவிட்டால் ஜெயம்.

“ரயில் ஸ்பீடைக் கம்மி பண்ணுடி. இப்டி வெச்சா எவன் ஜெயிப்பான்?”

“ரயில் அவ்ளோ வேகமாத்தான் வரும்.”

“சரி, அந்தப் பொண்ணு கத்தறதுக்காவது ஒரு பட்டன் வை. அவன் திரும்பிப் பாப்பான்ல?”

“கத்தினா அவருக்குக் கேக்காது.”

“செவிடு வேறயா? பேஜார் புடிச்ச கேம்டி இது.”

மறுபடி ஆடினாள், தோற்றாள். அவள் தோற்கத் தோற்க பெர்சிஸின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. விறைப்பாக உட்கார்ந்திருந்தவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“நான் தோத்தா உனக்கு இன்னாடி அவ்ளோ நிம்மதி?”

“நானும் நேத்துலேர்ந்து ஆடிப் பாத்துட்டேன். முடியல. உன்னாலயும் முடியல.” பெர்சிஸ் அவள் கையைப் பிடித்தாள். “யாராலயும் முடியாதுல்ல நிசா?”

ஜஹீருன்னிசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இரு” என்று கையை உதறிக்கொண்டு திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இந்த முறை அவள் மைதானத்தைச் சுற்றிப் போகும் பாதையில் போகவில்லை. சிறுமியைத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே நேராக விட்டாள். சிறுமி ஓடினாள், தாவினாள், எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ரயில் வெறும் தண்டவாளத்தின் மேல் ஓடிப் போனது.

“ஜெயிச்சிட்டேன்! யாராலயும் முடியாதுன்னியே!”

பெர்சிஸ் எழுந்து நின்றுவிட்டாள். “எப்டிப் போன?”

“பிரவுன் கலர்ல கட்டம் கட்டமா வரைஞ்சிருக்கியே, அதுங்க மேலதான். நீ தடுப்பு எதுவும் வெக்கலயே.”

“அது தோல் பதனிடற எடத்துல காயப் போட்ட தோலு. அத மிதிக்கக் கூடாது.”

“மிதிச்சா இன்னா? குறுக்கால போனா அந்தாளு பொழைச்சிக்கறான் பாரு. இப்பதான்டி இது கேமு! போய் அனுப்பு மொதல்ல.”

திரையில் சிறுமியும் அந்த மனிதரும் கைகோத்து நின்றார்கள். ஜெயித்தால் வருவதற்கென்று அந்தப் படத்தை பெர்சிஸ்தான் வரைந்து வைத்திருந்தாள். ஆட்டத்தை ஜெயித்து அது திரையில் வந்து அவள் பார்த்தது இப்போதுதான்.

அவள் விரல் அந்த மனிதரின் முகத்தைத் தொட்டது.

“தோலை மிதிச்சா அப்பா திட்டுவாருன்னு, அன்னிக்கு நான் சுத்திக்கினு ஓடினேன் நிசா.”