பத்தாம் நம்பர் ஸ்பேனர்

தேசிய விமான நிறுவனத்தின் பணிமனைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு கறுப்பு நிழல் வரைந்திருக்கும். வேலை முடியும்போது ஒரு நிழல் காலியாக இருந்தாலும், கருவி உள்ளே கிடக்கலாம் என்று, விமானம் நகரக் கூடாது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு விமானத்தின் வாலில் வேலை முடித்தபோது மெக்கானிக் அருளப்பனின் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் ஒரு நிழல் காலியாக நின்றது. விமானம் ஏற்கெனவே மூன்று மணி நேரம் தாமதம். தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்த ஸ்பேனரை அங்கே மாட்டிவிட்டான். சூப்பர்வைசர் தணிகாசலம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அந்த விமானம் வானத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கியதில்லை. எங்கேயாவது தரையிறங்கியது என்று தெரிந்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். இன்று அந்த விமானத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். வால்பகுதியை நானே பிரிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். தகட்டைக் கழற்றித் தோள்வரை கையை விட்டுத் துழாவியதும் குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தான். அவன் கையாலேயே பொறித்த அவனுடைய எண். அப்படியே தரையில் உட்கார்ந்தான். பின்னால் செருமல் கேட்டது. தணிகாசலம் நின்றிருந்தார்.

"சார், இது வந்து..."

அவர் ஸ்பேனரைப் பார்க்கவே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அத விடுப்பா. இன்னும் கொஞ்சம் உள்ள கைய விட்டுப் பாரு. சின்ன டார்ச் ஒண்ணு கெடக்கும்."