கேப்டன் ஊற்றிய டீ

"விசாரணைக்காரங்ககிட்ட சீட் பெல்ட் விளக்கு எரிஞ்சுதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க ரௌஷன்மா. என் வேலை தப்பிச்சுடும்!"

கட்டிலில் கிடந்த ரௌஷனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. விமானப் பணிப்பெண்ணாகப் பதினோரு வருடம். அத்தனை வருடமும் கேப்டன் செரிக்பாய்க்கு அவள் வெறும் 'ஏ பொண்ணு'தான். அவளுக்கு ஒரு பெயர் இருப்பது இந்த அல்மாட்டி நகர ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"விளக்கு எரிஞ்சும் நான் எழுந்து நடந்தேன்னா தப்பு என்னுதுன்னு ஆயிடுமே கேப்டன்? அப்புறம் என் வேலைதானே போயிடும்!"

"அதை நான் பாத்துக்கறேன்மா."

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் தெரியுமே. மலைக்கு மேலே காற்று தூக்கிப் போடுகிறது என்று முன்னால் போன விமானத்திலிருந்து எச்சரித்திருக்கிறார்கள். பிறகு துணை விமானி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. இந்த மகராசன் விளக்கைப் போடாமல் அவளைக் கூப்பிட்டு டீ கேட்டார். டீயோடு போனவளுக்குக் கூரையில் ஒரு மோது, தரையில் ஒரு மோது. வலது கால் ஒடிந்தது, விலாவில் இரண்டு விரிசல்.

"யோசிக்கணும்..." என்று இழுத்தாள். "தொண்டை வேற வறண்டு கிடக்கு. ஒரு டீ கிடைச்சா நல்லாருக்கும்."

கேப்டன் பாய்ந்து போய்க் கிண்ணம் நிறைய ஊற்றி வந்தார்.

"என்ன கேப்டன், விளிம்பு வரைக்கும் ஊத்திட்டீங்க? குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணுன்னு விருந்தாளியை விரட்டற மாதிரி! நம்ம ஊர் வழக்கத்துல மரியாதைன்னா அரைக் கிண்ணம்தானே?"

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க!"

பாதியைக் கொட்டிவிட்டு வந்தார். பால் பத்தவில்லை என்றாள், பால் விட்டார். ஆறிவிட்டது என்றாள், மூன்று மாடி இறங்கிப் போய்ச் சுடவைத்து வந்தார். ஆட்டுச் சூப்பை ஊதி ஊதி ஊட்டினார். ஒடியாத காலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிட்டார். வாசல் வரை போனவரைக் கட்டிலோரத்து மணியை அடித்துத் திரும்பக் கூப்பிட்டு, தலையணையைத் தட்டிப் போடச் சொன்னாள்.

பார்வையாளர் நேரம் முடிந்தது.

"அப்ப சொல்லிடுவீங்கல்ல?"

"இனிமே விசாரணைக்காரங்க வந்து கேட்டா அப்படியே சொல்றேன். நிம்மதியா போயிட்டு வாங்க கேப்டன்."

அவர் கும்பிடாத குறையாகக் கிளம்பிப் போனார். அடுத்த கட்டில் ஜிபெக் அக்கா அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? உன் காலை ஒடிச்சவனைக் காப்பாத்த உன் பொழைப்பை நீயே கெடுத்துக்கப் போறியா? விசாரணைக்காரங்க வரட்டும், நானே உண்மையைச் சொல்றேன்!"

"அவங்க எங்கக்கா இனிமே வரப்போறாங்க? காலையில நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தப்பவே வந்து, நான் உள்ளதை உள்ளபடி சொன்னதை எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் ரௌஷன்.