கோயிலுக்குப் போகிற கார்

போலீஸ் வருவதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றியாக வேண்டும் என்றான் சந்தனம்.

ஹெல்மெட்டுக்குள் அவன் தம்பி யாக்கோபின் தலை இருந்தது. யாக்கோபு உயிரோடுதான் இருந்தான். கண் திறந்திருந்தது, பேச்சும் வந்தது. கால்கள்தான் அசையவில்லை.

தனுஷ்கோடிப் பக்கம் ஈர மணலில் ரேஸுக்காகத் தன் பழைய ஃபியட்டை விரட்டிப் பழகிக்கொண்டிருந்தான். சக்கரம் புதைந்து கார் குட்டிக்கரணம் போட்டுவிட்டது. அவனை வெளியே இழுத்துக் கிடத்திவிட்டு, கூட வந்திருந்தவர்கள் எல்லோரும் காரைத்தான் முதலில் கவனித்தார்கள். படகு இழுப்பதுபோல் கயிறு கட்டி இழுத்துத் தார்ரோட்டு ஓரத்தில் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

ஆளை முதலில் தூக்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குக் கடல் தெரியாது. படகு கவிழ்ந்தால் படகைப் பிடி, ஆள் எப்படியும் மிதப்பான். சந்தனம் விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்து வந்திருக்கிறான். மணலிலும் அதையே செய்தான்.

அதுவும் இது சாதாரணக் கார் இல்லை. தங்கச்சிமடத்தில் அவர்கள் குடும்பத்துக்குப் படகுகள் உண்டு. ஒன்று புயலில் போனது. சல்லிக்காசு வரவில்லை. அந்த வீட்டில் இன்சூரன்ஸ் கண்ட ஒரே பொருள் இந்த ஃபியட்தான்.

அதற்காக யாக்கோபு ராமநாதபுரத்தில் ஏறி இறங்காத ஏஜெண்டு இல்லை.

"வருசத்துக்கு ரெண்டு வாட்டி மெட்ராஸ்ல, சோழவரத்துல ரேஸ் ஓடும். மத்த நாளெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில தூங்கும். தூங்குற வண்டிக்கு எதுக்குய்யா முழுக்காசு?" என்று மீன் ஏலத்தில் பேசுவதுபோல் பேரம் பேசினான்.

ரேஸ் என்றதும் சிலர் சிரித்தார்கள். சிலர் விலை சொன்னார்கள். சிரித்தவர்களே தேவலை என்று ஆகிவிட்டது.

கடைசியில் வீரையா என்ற ஏஜெண்டு அடிமாட்டு விலைக்கு ஒன்றை முடித்துக் கொடுத்தார். ரேஸ் பேச்சையே எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் என்றுதான் சொல்ல வேண்டும்.

யாக்கோபு தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தான். கார் சுக்குநூறானாலும் கம்பெனி கொடுக்கும், நானே போனாலும் கொடுக்கும் என்று மனைவி ஜோதிமேரியிடம் மீசையை முறுக்கினான். அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

ஆகவே இப்போது யாக்கோபு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். குறுக்கே ஆடு வந்தது. வெட்டித் திருப்பியதில் கார் கவிழ்ந்தது. நின்றவர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாக அமைந்ததே பெரிய புண்ணியம் என்றான் ஒருவன்.

கதவில் ஒட்டியிருந்த ரேஸ் நம்பரைக் கிழித்தாயிற்று. ஹெல்மெட்தான் பாக்கி. காரில் கோயிலுக்குப் போகிறவன் எவனாவது ஹெல்மெட் போடுவானா?

"மொதல்ல ஏத்துங்கப்பா, ஆஸ்பத்திரில கழட்டிக்கிரலாம்," என்றார் மீன் வேனோடு நின்ற வாவு முகம்மது.

யாரும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தானே போலீஸ் முதலில் வரும்.

பூசை முடிந்து அவர்களோடு வந்திருந்த ஜோதிமேரி, காலையில் உடுத்திய சேலையோடு மணலில் மண்டியிட்டு, புருஷனின் தாடைக்குக் கீழே இருந்த வாரை அவிழ்த்தாள்.

"அண்ணே, வேணாம்ண்ணே. இன்சூரன்ஸு..." என்றான் யாக்கோபு.

"அதுக்குத்தாம்லே இம்புட்டுப் பாடும். நீ பேசாமக் கெட."

"இல்லண்ணே, அந்த வீரையா..."

"அவருக்கும் ஆள் போயிருச்சுலே."

ஹெல்மெட் லேசில் வரவில்லை. இறுகிப்போன ஊறுகாய் ஜாடியைத் திறப்பதுபோல் சந்தனம் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினான். ஜோதிமேரி புருஷனின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ நெரிபட்ட சத்தம் கேட்டது. ஹெல்மெட்தான் உடைகிறது என்று நினைத்தார்கள்.

வந்துவிட்டது.

ஒருவன் கழற்றிக் கொடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டினார்கள். தலையைச் சீவிவிட்டார்கள். அச்சு அசலாகக் கோயிலுக்குப் போகிறவன் மாதிரியே இருந்தான். வலியில் மயங்கிவிட்டான் என்றான் சந்தனம்.

வாவு முகம்மது குனிந்து பார்த்தார். பிறகு அவசரப்படாமல் வேனை எடுத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீரையா வீட்டுக்கு வந்தார். சந்தனம் அவரை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். நம்பரைக் கிழித்தது, ஆட்டுக் கதை, ஹெல்மெட்டைக் கழற்றிக் கடலில் எறிந்தது. துக்க வீட்டிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. தம்பிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட அண்ணன் அவன்.

வீரையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு எடுத்தது, வண்டி மோதி வெளியாளுக்கு அடிபட்டா அவங்களுக்குக் குடுக்குற பாலிசிங்க. அதான் அந்த வெலை. வண்டிக்கும் கெடையாது, ஓட்டுறவருக்கும் கெடையாது. கோயிலுக்குப் போனாலும் இல்ல, ரேஸுக்குப் போனாலும் இல்ல."

சந்தனம் உள்ளே ஜோதிமேரியைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரிஞ்சுதானே எடுத்தாரு. உங்ககிட்டயெல்லாம் சொல்லலையா?"

உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜோதிமேரிதான் பதில் சொன்னாள்.

"சொல்ல வந்தாரு."