செவலைக்கு ஒரு குடம் தண்ணீர்

அந்தக் கோயில் பட்டியில் ஆடுகளே தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தன. திருவிழாவில் வெட்டுப்படுவதற்கு முன் எப்படியாவது வேலியைத் திறந்துவிட வேண்டும் என்று செவலைக் கிடாயும் போட்டியிட வந்தது.

"யார் நிற்கலாம் என்று சாமிதான் சொல்லும்" என்றது பூசாரிக் கிடாய். அதை மட்டும் யாரும் வெட்டுவதில்லை. தலையில் தண்ணீர் விட்டதும் உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம்.

வேலிக்குப் பச்சை அடிப்பேன் என்ற ஆட்டுக்கும் நீலம் அடிப்பேன் என்ற ஆட்டுக்கும் பூசாரிக் கிடாய் ஆளுக்கொரு குடம் ஊற்றியது. இரண்டும் சிலுப்பின. செவலையின் தலையில் ஒரே ஒரு சொட்டு விட்டது. செவலை பதறிப்போய்த் தானாகவே சிலுப்பிக் காட்டியது.

"அது உன் ஆசைடா மருமகனே, சாமி ஆசை இல்லை."

"எனக்கும் ஒரு குடம் ஊற்றிப் பாருங்களேன், மாமா."

"அவசரப்படாதே. உனக்கும் ஒரு நாள் வரும்."

தேர்தல் ஒழுங்காக நடந்தது. ஒரு ஓட்டுகூடத் தவறாக எண்ணப்படவில்லை. பச்சை ஜெயித்தது.

திருவிழா அன்று பலிபீடத்தின் முன்னால் செவலையின் தலையில் ஒரு முழுக்குடம் கவிழ்ந்தது. செவலை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று பார்த்தது. காதுக்குள் தண்ணீர் இறங்கியதும் உடம்பு தானாகச் சிலுப்பிக்கொண்டது.

"பார்த்தாயா மருமகனே" என்றது பூசாரிக் கிடாய், சந்தோஷமாக. "சாமி உன்னையும் தேர்ந்தெடுத்துவிட்டது."