மூக்கு சொன்ன வழி

வாணியம்பாடி டோல்கேட்டைப் பார்த்ததும் டிரைவர் முனிரத்தினம் பிரேக்கை அழுத்தினார்.

“இன்னிக்கி கம்பெனி வரவேயில்லியே!”

கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் விழித்தார்கள்.

குடியாத்தத்தில் ஏறிக் கண்ணை மூடினால், ஆம்பூர் தாண்டித் தோல் நாற்றம் ஜன்னலுக்குள் நுழையும்போதுதான் எழுந்து டிபன் பையைத் தேடுவார்கள். மார்கழிப் பனியில் முனிரத்தினத்துக்கும் அதுதான் கைகாட்டி. நாறினால் இடது பக்கம் திரும்புவார்.

இன்று நாறவில்லை.

ஹேமலதா ஜன்னலைத் திறந்து மோந்து பார்த்தாள். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு, தொட்டி தொட்டியாக எட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று பஸ்ஸில் அவளைக் கேலி செய்வார்கள். அந்த நாற்றத்தை ஒழிப்பதுதான் அவள் வேலை. நேற்று மாலை, நாற்றத்தை உறிஞ்ச அவள் வைத்த மெஷினில் கடைசியாக ஒன்றை மாற்றி ஓடவிட்டு வந்திருந்தாள். இன்றைக்கும் நாறினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. முதலாளி மக்பூல் அகமதுதான்.

“அம்மா, துளி நாத்தம் இல்ல! கேட்ல சால்வையோட நிக்கறேன், வந்து பர்மனென்ட் ஆர்டர வாங்கிக்கோ. ஆமா, ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?”

கத்த வேண்டும்போல் சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் பஸ் முழுக்க எழவு வீட்டு முகங்கள்.

“கம்பெனிய மூடிட்டாங்க,” என்று சாயம் போடும் அமிர்தவள்ளி தலையில் கை வைத்தாள். “ஓடற தோல் கம்பெனி நாறாம இருக்குமா?”

ஹேமலதா எவ்வளவோ சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

பஸ் திரும்பியது. பனி விலகவில்லை. கம்பெனி பேரைப் போட்டால் போன் மேப் ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்புக் கடையைக் காட்டியது. கம்பெனியை மறுபடியும் தவறவிட்டு மாதனூர் வந்ததும், முனிரத்தினம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நாத்தம் இல்லாம எனக்கு வண்டி ஓட்ட வராது மேடம்.”

அமிர்தவள்ளி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

ஹேமலதாவுக்கும் அழுகைதான் வந்தது. மெஷின் பார்க்கும் கோபிக்கு போன் போட்டாள்.

“கொஞ்ச நேரம் நிறுத்துப்பா.”

பஸ் மீண்டும் திரும்பியது. ஆம்பூர் தாண்டியதும் வந்தது, குடலைப் பிடுங்கும் அதே பழைய நாற்றம்.

பஸ்ஸே நெஞ்சு நிறைய இழுத்தது. “அப்பாடா, வேலை இருக்குது,” என்று அமிர்தவள்ளி கண்ணைத் துடைத்தாள். முனிரத்தினம் இடது பக்கம் திரும்பினார்.

கேட்டில் மக்பூல் அகமது நின்றிருந்தார், ஹேமலதாவுக்குப் போர்த்த வாங்கிய சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.