எங்க காலத்து சென்டர்

“இவன்லாம் ஒரு சென்டரா? கொடிக் கம்பத்துக்கு பனியன் மாட்டி வுட்டா மாரி கீறான்!”

கூடைப்பந்துத் திடலின் ஓரத்திலிருந்து எழுந்த அந்தக் குரலைக் கேட்டுச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பவானிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. கொடிக் கம்பம் என்று ஏளனம் செய்யப்பட்டவன் அவளுடைய தம்பி தீபன்.

துறைமுகச் சரக்குக் கம்பெனி ஒன்று தன் அணிக்கு இன்னொரு சென்டரைத் தேடிக்கொண்டிருந்தது. வளையத்தை ஒட்டி நின்று ஆடும் நெட்டை ஆட்டக்காரனைத்தான் சென்டர் என்பார்கள். தேர்வானால் நிரந்தர வேலை. தீபனுக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. அதனால்தான் காசிமேட்டு ஏலம் முடிந்த கையோடு, மீன் கூடையைத் தெரிந்தவளிடம் தள்ளிவிட்டு, பவானி தண்டையார்பேட்டைக்கு ஓடி வந்திருந்தாள்.

சோதனை ஆட்டத்தில் தீபனைத் தடுக்க நின்றவன் வல்லரசு. அந்தக் கம்பெனி அணியில் ஏற்கெனவே இருப்பவன். கன்டெய்னர் போன்ற உடம்பு. போன வருடமும் இவனைத் தாண்ட முடியாமல்தான் தீபன் வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

ஏளனம் செய்தவர் எபினேசர். ஒரு காலத்தில் இந்தத் திடலையே ஆண்ட சென்டர். முழங்கால் போன பிறகு ஓரத்துச் சிமென்ட் படி அவருடைய இடமாகிவிட்டது. ஆடி ஓய்ந்தவர்கள் அங்கே உட்கார்ந்து, ஆடுகிறவர்களை ஓட்டுவது இத்திடலின் வழக்கம். பழைய ஆட்டக்காரர் சொல்லை இளையவர்கள் தட்டுவதில்லை என்பதும் வழக்கம்.

“எங்க காலத்து சென்டர்னா ரிங்குக்குக் கீய மல மாரி நிப்பான். முதுகாலயே தள்ளிகினு உள்ள பூந்து போடுவான். இவன் இன்னாடான்னா கோட்டுக்கு வெளிய நின்னு வேடிக்க பாத்துகினு கீறான்!”

“காலம் மாறிப்போச்சு பெரியவரே,” என்றார் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் மஜீது. “இப்பல்லாம் சென்டரே தூரத்துலேர்ந்து மூணு பாயிண்ட்டு போடறான்.”

“போடறவன் போடுவான். இவனுக்கு வெளிய கை வராது. யப்பா வல்லரசு! அவன் பின்னால ஓடி இன்னாத்துக்கு மூச்சு வாங்கற? வெளிய வுட்டுடு. உள்ள வந்தா மட்டும் அமுக்கு!”

பவானியால் பொறுக்க முடியவில்லை.

“யோவ் பெரியவரே! வாய மூடிகினு கம்னு இருக்க மாட்ட? என் தம்பி பொயப்பே இதுல கீது!”

“எங்க காலத்துல அக்காவ இட்டாந்து ஆட மாட்டோம்மா.”

மறுபடியும் சிரிப்பு. தன் காலத்துப் பெருமை மங்கிவிடுமே என்ற வயிற்றெரிச்சல் இந்த மனிதருக்கு என்று பவானி முடிவு கட்டினாள்.

அப்போது பந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்ற தீபன் கைக்கு வந்தது. வல்லரசு வளையத்தின் அடியைவிட்டு அசையவில்லை. தீபன் நிதானமாகக் குறி பார்த்து எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமலே வலைக்குள் இறங்கியது.

“குருட்டாம்போக்குல வியுந்துச்சு!” என்று கத்தினார் எபினேசர். “நீ உள்ளயே நில்லு வல்லரசு!”

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். எபினேசர் தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கம்பெனி மேனேஜர் தீபனை அழைத்துக் கைகுலுக்கினார். மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். பவானி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சிமென்ட் படிக்கு வந்தாள்.

“இப்ப சொல்லுய்யா, எந்தக் காலத்து சென்டர் ஒசத்தி?”

அவர் வாய் திறப்பதற்குள் வல்லரசு வியர்வை சொட்ட வந்து நின்றான்.

“இன்னா தலீவரே, இப்டிப் பண்ணிட்ட? போன வர்சம் வெளிய வந்து ஒட்டிகினேன், அவனால ஒண்ணுகூடப் போட முடியல. இந்தத் தபா நீ சொன்னியேன்னு உள்ளயே நின்னேன். கோச்சு என் மானத்த வாங்கறாரு!”

“எங்க காலத்துல, ஓரத்துல குந்திகினு கத்தறவன் பேச்சக் கேட்டு ஆடுன சென்டர் ஒருத்தனும் கெடையாதுப்பா.”

வல்லரசு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி, தீபனைக் கட்டிப்பிடிக்கப் போனான்.

பவானியின் நாக்கு நுனிவரை வந்திருந்த வசவுகள் அங்கேயே நின்றுவிட்டன. அவள் கைகள் தாமாகவே குவிந்தன.

“நைனா… நீங்க வேணும்னேதான்…”

“மெதுவா பேசும்மா,” என்றார் எபினேசர், கம்மிய குரலில். “தெனம் காலைல அவன் தனியா தூரத்துலேர்ந்து போட்டுப் பழகறத என் வூட்டு மாடிலேர்ந்து பாத்துகினுதான் கீறேன். எங்க காலத்துல அப்டிப் போடற சென்டர் ஒருத்தன்கூட இல்ல. அத்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வல்லரசு அவன வெளிய வுட்டிருப்பானா?”